களியா, மணலா, உவரா: டெல்டாவில் உங்கள் மண்ணைத் தெரிந்துகொள்ளும் வழி

நான் பிறந்தது பட்டுக்கோட்டைப் பக்கம், வாழ்க்கைப்பட்டது மன்னார்குடிப் பக்கம். இரண்டும் டெல்டாதான். ஆனால் பிறந்த வீட்டில் மழை விட்ட மறுநாளே தோட்டத்தில் செருப்போடு நடக்கலாம். இங்கே ஐப்பசியில் கொல்லைக்குப் போனால் செருப்பு சேற்றிலேயே நின்றுவிடும், கால் மட்டும் வெளியே வரும். ஆகவே விதையோ உரமோ வாங்கும் முன் காலடியில் கிடப்பது எந்த மண் என்று பாருங்கள்.

பொதுவாகச் சொன்னால், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி என்று பழைய டெல்டா முழுக்கக் களிமண். ஆற்றை ஒட்டிய படுகை மட்டும் பொலபொலப்பான வண்டல். திருவையாற்றுப் பக்கம் வாழை செழிப்பது அதனால்தான். 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் கல்லணைக் கால்வாய் பாயத் தொடங்கிய ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணியில் மணல் கலந்த செம்மண் அதிகம். வேதாரண்யம் கடற்கரையில் மணல், தலைஞாயிறு பக்கம் பல இடங்களில் உவர், அதாவது உப்பு மண். இதை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். ஒரே ஊரில் ஆற்றங்கரை வயல் ஒரு மண், நாலு வயல் தள்ளி வேறு மண். வீட்டு மனையாக இருந்தால் லாரியில் கொண்டுவந்து கொட்டிய சவுடு மேலே கிடக்கும், அசல் மண் ஒன்றரை அடிக்குக் கீழே இருக்கும். அதுவரை தோண்டிப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, உள்ளங்கையில் உருட்டித் திரியாக்குங்கள். திரியை வளைத்து மோதிரம் போடும்போது விரிசல் விடாவிட்டால் நல்ல களி. திரி வந்து, வளைக்கும்போது உடைந்தால் நடுத்தரம். திரியே வராமல் உதிர்ந்தால் மணல். அப்புறம் ஒன்றரை அடிக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பி, அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் தண்ணீர் மறுநாள் காலையிலும் நின்றால் அந்த இடத்தில் முருங்கையோ பப்பாளியோ வைக்காதீர்கள், வேர் அழுகிவிடும். இந்தக் குழிச் சோதனையை யாரும் செய்வதில்லை. எனக்கு மண் பரிசோதனையில் கொடுக்கிற உரச் சீட்டைவிட இதுதான் முக்கியம்.

களியில் சத்துக்குப் பஞ்சமில்லை, பதம் பிடிப்பதுதான் பாடு. ஈரமாகக் கொத்தினால் கட்டி கட்டியாக இறுகிவிடும், காய்ந்தபின் கடப்பாரைதான் வேண்டும். “மண்வெட்டியில மண்ணு ஒட்டுனா திரும்பி வந்துரு” என்பார் என் மாமியார். ஒட்டாமல், கையில் பிடித்தால் உடைகிற நிலை மழைக்குப்பின் கொஞ்ச நாள்தான் இருக்கும். அதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். இளக்கம் வரட்டும் என்று இரண்டு கூடை ஆற்று மணலைக் கொட்டுவது வீண். காய்ந்தால் செங்கல் போல ஆகிவிடும். மக்கிய தொழுவுரம், சருகு, கருக்கா (நெல் பதர்), பழைய வைக்கோல் இவற்றை வருடா வருடம் போட்டுக்கொண்டே இருப்பதுதான் வழி. காய்கறிக்கு ஓரடி உயரத்தில், மூன்றடி அகலத்தில் மேட்டுப்பாத்தி எடுத்து, சுற்றி வடிகால் விடுங்கள். கத்தரி, அவரை, புடலை நன்றாக வரும். தாழ்ந்த மூலையில் சேம்பும் பொன்னாங்கண்ணியும் போதும். முள்ளங்கி ஆசை இருந்தால் சாக்கில் போட்டுக்கொள்ளுங்கள்.

வயலில் இதே களி வேறு உபகாரம் செய்யும். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், சம்பா அறுப்புக்கு வாரம் பத்து நாள் முன்னால் நிற்கிற பயிருக்குள் உளுந்தைத் தெளித்தால் பனியிலும் மிச்ச ஈரத்திலுமே விளைந்துவிடும். செம்மணலில் ஈரம் அவ்வளவு நாள் தாங்காது. ஆனால் கோடையில் களி பாளம் பாளமாக வெடிக்கும், திறந்துவிடுகிற முதல் தண்ணீர் வெடிப்பு வழியே இறங்கிப் போகும். சித்திரையில் ஒரு மழை கிடைத்ததும் கோடை உழவு போட்டால் வெடிப்பு மூடிக்கொள்ளும்.

செம்மணலுக்கு எல்லாம் தலைகீழ். தண்ணீரும் உரமும் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. அனுமதி வாங்கி எடுக்கிற ஏரி வண்டல் இந்த மண்ணுக்குத்தான் மருந்து. களிக்காரர்கள் அதற்கு ஏன் அலைகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

கடலோரத்தில் உவரையும் களரையும் குழப்பிக்கொள்கிறார்கள். வெள்ளையாக உப்புப் பூத்தால் பெரும்பாலும் உவர். நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்தால் உப்புக் கரைந்து போகும். களர் என்பது சோடியம் மிகுந்த மண், அதில் மேலே ஏடு கட்டும், தண்ணீர் இறங்காது. காய்ந்த சிறு கட்டியை ஒரு டம்ளர் மழைத்தண்ணீரில் கலக்காமல் போடுங்கள். மறுநாளும் பால் போலக் கலங்கியே இருந்தால் களர் என்று சந்தேகப்படலாம். அதற்கு ஜிப்சம் வேண்டும், எவ்வளவு என்று மண் பரிசோதனை நிலையம் சொல்லும். ஜிப்சம் போட்டுத் தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும். வடிகால் இல்லாத வயலில் அது காசுக்குக் கேடு. பிறகு பசுந்தாள் உரமாக ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கிற சமயம் மடக்கி உழலாம். போர் தண்ணீரையும் சேர்த்துப் பரிசோதியுங்கள், உப்பு அது வழியாகவும் வரலாம்.

மண் மாதிரியை அறுப்புக்குப் பிறகு, உரம் போடும் முன் எடுங்கள். வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் வேண்டாம். வயலில் வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடத்தில் ‘வி’ வடிவக் குழி வெட்டி, நெல்லுக்கு அரையடி ஆழம் வரை ஓரமாகச் சீவி எடுத்து, கலந்து, அரைக் கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்துங்கள். உரச் சாக்கில் போடாதீர்கள், முடிவே மாறிவிடும். நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களில் விசாரிக்கலாம். பரிசோதனை முடிவு வரும் மண்வள அட்டையில் கார அமில நிலை (pH) 8.5-ஐத் தாண்டினால் களர். மின்கடத்தும் திறன் (EC) 1 dS/m-க்குள் இருந்தால் உப்புக் கவலை இல்லை. தென்னைக்கு மட்டும் ஓரடி, இரண்டடி, மூன்றடி ஆழத்தில் எடுத்துத் தனித்தனிப் பையில் பெயர் எழுதிக் கொடுங்கள்.