வாலாஜாபேட்டை உடையாமல் ஒரு கோப்பினை வரிவரியாகப் படித்தல்

பழைய வட ஆற்காடு மாவட்டத்து ஊர்ப்பெயர்களை வரிக்கு ஒன்றாகக் கொண்ட கோப்பு ஒன்றைச் சி நிரல்மொழியில் படிக்க, படித்ததைத் தற்காலிகமாக வைக்கும் இடமான பஃபருக்கு 32 பைட்டே தாராளம் என்று ஒருமுறை நினைத்துவிட்டேன். வேலூர், ஆற்காடு, ஆம்பூர் மூன்றும் ஒழுங்காக வந்தன. வாலாஜாபேட்டையோ ‘வாலாஜாபேட்’ என்று நின்றுபோய், மிச்சம் அடுத்த வரியில் குப்பையாக வந்து விழுந்தது. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் வ, ல போன்ற அகரமேறிய தமிழ் மெய்க்கு 3 பைட், அதன்மேல் ஏறும் கால், கொம்பு, புள்ளி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆகவே கண்ணுக்கு ஆறெழுத்தாகத் தெரியும் அந்தப் பெயர் 36 பைட் பிடிக்கிறது. கோப்பிலிருந்து ஒரு வரியைப் படிக்கும் எஃப்கெட்ஸ் (fgets) என்ற செயற்கூறு, சரத்தை முடிக்கும் பூஜ்ஜியத்துக்கு ஒரு பைட்டை ஒதுக்கிவிட்டு 31 மட்டுமே படித்ததால், ‘டை’யில் உள்ள டகரம் முதல் பைட்டோடு அறுந்துபோயிற்று.

எனவே எஃப்கெட்ஸ் ஒவ்வொரு முறை திரும்பியதும், பஃபரின் கடைசியில் வரி முடிவைக் குறிக்கும் நியூலைன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதை நீக்கிவிடலாம், விண்டோஸில் சேமித்த கோப்பானால் அதற்கு முன் நிற்கும் கேரேஜ் ரிட்டர்ன் என்ற குறியையும் சேர்த்து. இல்லையென்றால், கோப்பு அங்கேயே முடிந்திருக்க வேண்டும் அல்லது வரி இன்னும் மிச்சமிருக்க வேண்டும். மிச்சமிருந்தால் அதையும் படித்து ஒட்டுவதா, வரியையே நிராகரிப்பதா என்பதை நிரலே வெளிப்படையாகத் தீர்மானிக்க வேண்டும். வரிகளைத் திரும்பத் திரும்பப் படிக்கும் லூப்பின் நிபந்தனையாக எஃப்கெட்ஸ் திருப்பித் தரும் மதிப்பையே வைக்க வேண்டும். கோப்பு முடிந்ததா என்று முன்கூட்டியே கேட்கும் லூப், கடைசி வரியை இரண்டு முறை அச்சிடும். பஃபரின் அளவையே கேட்காமல் படிக்கும் கெட்ஸ் (gets) பக்கம் போகவே வேண்டாம்: 1988இல் இணையத்தில் பரவிய மோரிஸ் புழு என்ற நிரல், பயனர் விவரம் தரும் ஃபிங்கர் சேவைக்குள் புகுந்தது அந்த ஓட்டை வழியாகத்தான்; சி மொழியின் 2011ஆம் ஆண்டுத் தரநிலை அதை நீக்கியேவிட்டது.

லினக்ஸ் போன்ற போசிக்ஸ் அமைப்புகளில் கெட்லைன் (getline) என்ற செயற்கூறு இந்தத் தொல்லையில் பெரும்பகுதியைத் தானே ஏற்றுக்கொள்கிறது. நினைவக இடத்தைக் காட்டும் சுட்டியை, எதையும் காட்டாத நல் (NULL) ஆகவும் அளவைப் பூஜ்ஜியமாகவும் வைத்துத் தொடங்கினால், வரிக்கேற்ப நினைவகத்தை அதுவே வளர்த்து, அதே இடத்தை அடுத்த வரிக்கும் பயன்படுத்துகிறது. வேகம் அந்த மறுபயன்பாட்டில்தான் இருக்கிறது என்பதால், லூப்புக்குள் ஒவ்வொரு முறையும் ஃப்ரீ (நினைவகத்தை விடுவித்தல்) செய்யாமல் முடிவில் ஒரே ஒரு முறை செய்தால் போதும். ஒரு வரியைப் பிறகும் வைத்துக்கொள்ள வேண்டுமானால் நகலெடுத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அடுத்த வாசிப்பு அதன்மேலேயே எழுதிவிடும். ஆனால் கெட்லைனுக்கு உச்சவரம்பு கிடையாது. முன்பின் தெரியாதவர் நியூலைனே இல்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தால் நினைவகம் முழுவதும் அதற்கே போய்விடும். நம் கோப்புகளுக்குக் கெட்லைனும், வலைவழி வருவதற்கு வரம்பு வைத்த எஃப்கெட்ஸும் என்பதே என் வழக்கம்.

எழுதி முடித்ததும் மூன்று கோப்புகளைக் கொடுத்துப் பாருங்கள்: ஒன்று வெறுமையானது, ஒன்று கடைசி வரியில் என்டர் தட்டாதது, மற்றொன்று வாலாஜாபேட்டையை இடைவெளியின்றி ஆயிரம் முறை ஒரே வரியில் எழுதியது.