லேசர் சிகிச்சை: நேரத்தைக் கணக்குப் போட்டுக் கொடுங்கள்

வலி குறையவும் புண் ஆறவும் நாய், பூனை, குதிரைக்கு லேசர் ஒளி கொடுத்தும் பலன் தெரியவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது ஜூல் கணக்கு, அதாவது எவ்வளவு ஆற்றல் போய்ச் சேர்ந்தது என்பது. கருவியின் திறனை, அதாவது வாட்டை, விநாடியால் பெருக்கினால் ஜூல். மேலோட்டமான புண்ணுக்கு ஒரு சதுர செ.மீ.க்கு 2 முதல் 4 ஜூல், மூட்டு, தசைநார் போன்ற ஆழமான இடங்களுக்கு 8 முதல் 10 ஜூல் என்பது வழக்கமான அளவு. இடுப்பு மூட்டைச் சுற்றி 100 சதுர செ.மீ. என்று வையுங்கள், 8 ஜூல் வீதம் 800 ஜூல் வேண்டும். 4 வாட் கருவிக்கு 200 விநாடி போதும். அரை வாட் கருவிக்கோ 1,600 விநாடி, ஏறக்குறைய 27 நிமிடம். அதை இரண்டே நிமிடத்தில் எடுத்துவிட்டால் ஆழத்துக்குப் போதிய அளவு போய்ச் சேராது.

குதிரைக் காலில் சேறு காய்ந்திருந்தால் ஒளி அதிலேயே நின்றுவிடும். துலக்கி, ஈரம் போகத் துடைத்த பிறகு தொடங்குங்கள். களிம்பு, அயோடின் எதுவும் தோலில் இருக்கக் கூடாது. அடர்ந்த ரோமத்தைக் கத்தரிப்பது நல்லது. கறுப்பு ரோமம் ஒளியை உறிஞ்சிச் சீக்கிரம் சூடாகும். அங்கே வாட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள். அரை வாட்டுக்கு மேற்பட்ட கருவியின் முனையை ஒரே இடத்தில் நிறுத்தவே கூடாது. மறு கையால் தோலைத் தொட்டுக்கொண்டே இருந்தால் சூடு உடனே தெரியும்.

இந்தக் கருவிகள் பலவற்றிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர் கண்ணுக்குத் தெரியாது, அதனால் இமையும் தானாக மூடாது. அந்த அலைநீளத்துக்கே உரிய கண்ணாடியை அறையில் உள்ள எல்லோரும் அணிய வேண்டும்; விலங்கின் கண்ணையும் மூடுங்கள். புற்றுக்கட்டி, சினை வயிறு, தைராய்டு, இரத்தம் கசியும் இடம் ஆகியவற்றின் மேல் வேண்டாம். நொண்டலுக்குக் காரணம் என்னவென்று கால்நடை மருத்துவர் சொல்லும் முன் கருவியை எடுக்காதீர்கள்.