ஃபேன் சுற்றும்போது சிப்பின் கோரை (core) நிறுத்தாதீர்கள்

எஸ்32கே144 சிப் வைத்த ரேடியேட்டர் ஃபேன் கன்ட்ரோலர் அது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே டீபக்கரில் (பிழை தேடும் கருவி) பிரேக்பாயின்ட் வைத்தேன், அதாவது கோடை ஒரு வரியில் நிற்க வைத்தேன். கோர் நின்றது, மோட்டாரை வேகமாக ஆன்-ஆஃப் செய்து ஓட்டும் பிடபிள்யூஎம் பல்ஸைத் தரும் எஃப்டிஎம் டைமரும் நின்றது. ஆனால் அந்த நொடியில் ஆனில் இருந்த மாஸ்ஃபெட் (மோட்டாருக்குக் கரன்ட் விடும் சுவிட்ச்) ஆனிலேயே இருந்துவிட்டது. கரன்ட் ஏறியது, அப்புறம் கருகல் வாடை.

அன்றிலிருந்து டீபக்கரைச் செருகும் முன் எஃப்டிஎம்மின் கான்ஃப் ரெஜிஸ்டரில் பிடிஎம்மோட் பிட்களை 01 என்று வைத்துவிடுவேன். கோர் நின்றால் அவுட்புட்கள் பாதுகாப்பு நிலைக்குப் போகும். அந்த நிலை ஹையா லோவா என்பதை பிஓஎல் (POL) என்ற பிட்கள்தான் முடிவு செய்கின்றன. அதனால் மோட்டாரைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஆசிலோஸ்கோப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, போர்டு பிழைத்தது. மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோல் லூப் நேரம் தவறும் கோளாறு மட்டும் இதில் பிடிபடாது. கோர் நின்றதுமே கேன் பஸ்ஸில் (வண்டியின் யூனிட்கள் பேசிக்கொள்ளும் இணைப்பு) உள்ள மற்ற யூனிட்கள் டைம்அவுட் பதிய ஆரம்பித்துவிடும். நிறுத்தாமல், பிரின்ட்எஃப் போட்டு சீரியல் போர்ட் வழியாக மதிப்புகளை அனுப்பலாமா? 115200 பாடில் ஓர் எழுத்து போக 87 மைக்ரோ நொடி ஆகும். எங்கள் கன்ட்ரோல் லூப்போ 100 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை ஓட வேண்டும்.

இந்தச் சிப்பின் கோரான கார்டெக்ஸ் எம்4-க்குள்ளேயே, கிளாக் சைக்கிள்களை எண்ணும் ஒரு கவுன்ட்டர் இருக்கிறது. டிஇஎம்சிஆர் ரெஜிஸ்டரின் 24-வது பிட்டை ஏற்றி, டிடபிள்யூடி (கோருக்குள் இருக்கும் கண்காணிப்புப் பகுதி) கன்ட்ரோல் ரெஜிஸ்டரின் 0-வது பிட்டையும் ஏற்றினால் எண்ண ஆரம்பிக்கும். அந்த 24-வது பிட்டை உங்கள் கோடிலேயே ஏற்றுங்கள். பல டீபக்கர்கள் அதைத் தாமே ஏற்றிவிடுவதால் விட்டுப்போனது தெரியாது; டீபக்கரைக் கழற்றிப் பவர் போட்டதும் கவுன்ட்டர் பூஜ்யத்திலேயே கிடக்கும்.

லூப் இன்டரப்டின் (குறித்த நேரத்தில் லூப்பை ஓட்ட அழைக்கப்படும் கோடு) முதல் வரியில் கவுன்ட்டரைப் படித்து, போன தடவை படித்ததைக் கழித்து, அதிகபட்சத்தை ஒரு குளோபல் மாறியில் வையுங்கள். 32 பிட் அன்சைன்டாகக் கழித்தால் கவுன்ட்டர் சுற்றி வந்தாலும் விடை சரியாகவே வரும். கோர் ஓடும்போதே டீபக்கர் ராமைப் படிக்கும் என்பதால் எதையும் நிறுத்த வேண்டியதில்லை.

80 மெகாஹெர்ட்ஸில் எனக்கு 8,000 வர வேண்டும், 9,460 வந்தது. லூப் இன்டரப்டிலும் கேன் ரிசீவ் இன்டரப்டிலும் ஆளுக்கொரு பின்னை, நுழையும்போது ஏற்றி, வெளியேறும்போது இறக்கினேன். ஸ்கோப்பில் கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்தது: கேன் பின் இறங்கும்வரை லூப் பின் ஏறாமல் காத்திருந்தது. இரண்டுக்கும் ஒரே பிரையாரிட்டி. லூப்புக்கு 5-க்குப் பதில் 2 கொடுத்தேன் (எண் சிறியதாக இருந்தால்தான் முன்னுரிமை). இரவு முழுக்க ஓடவிட்டும் 8,040-ஐத் தாண்டவில்லை.

மாறியை எந்தக் கோடு அழிக்கிறது என்று தேடுபவர்கள் டிடபிள்யூடி கம்பேரட்டரில் அதன் முகவரியைக் கொடுத்தால், எழுதிய இடத்தின் பிசி (புரோகிராம் கவுன்ட்டர், அதாவது கோடின் முகவரி) எஸ்டபிள்யூஓ என்ற டீபக் வெளியீட்டின் வழியாக வெளியே வரும். அதற்குச் சிப்பின் பிடிஏ10 என்ற பின், டீபக்கரைச் செருகும் 10-பின் கனெக்டரின் 6-வது காலுக்கு வந்திருக்க வேண்டும். போர்டு ஃபேப்ரிகேஷனுக்குப் போகும் முன்பே ஹார்ட்வேர்காரரிடம் கேட்டுவிடுங்கள்.