கேன்வாஸில் புகைப்படம்: முன்பணம் கொடுக்கும் முன் மூலையை மடித்துப் பாருங்கள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டிய தாத்தாவின் கேன்வாஸ் படம், ஒரே மாதத்தில் சட்டத்தின் மூலையில் மயிரிழையாக வெடித்து வெள்ளைத் துணியைக் காட்டியது. எந்த மை என்று கேட்காமல் கொடுத்தது என் தவறு. கேட்க வேண்டியவை இவை.

1. அளவு

16க்கு 24 அங்குலப் படம் என்றால், சட்டத்தைச் சுற்றி மடிக்கப் பக்கத்துக்கு 2 அங்குலம் விட்டு 20க்கு 28 என்று கணக்கிடுங்கள். நெசவு சிறு குறைகளை மறைத்துவிடுவதால் அங்குலத்துக்கு 150 பிக்சல் போதும்; மொத்தம் 3000க்கு 4200. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். பென் டிரைவில் கொண்டுபோங்கள். ஓரத்தில் நிற்கும் அத்தையின் தோள் மடிப்புக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. மை

நிறமி மை: நீர் கலந்தது. தோல் நிறமும் நிழலும் இதில்தான் அழகாக வரும். ஆனால் எளிதில் கீறல் விழும்; வார்னிஷ் கட்டாயம்.

எக்கோ சால்வென்ட்: விளம்பரப் பலகை அச்சிடும் கடைகளில் கிடைப்பது. விலை மலிவு, நீண்ட நாள் உழைக்கும். ஓரிரு நாள் வாடை வீசும்.

லேடெக்ஸ்: வெப்பத்தில் காய்ந்துவிடும், வாடை குறைவு, நன்றாக வளையும். முதல் முறை அச்சிடுபவருக்கு என் ஓட்டு இதற்கே.

யுவி: புற ஊதா விளக்கில் உடனே இறுகித் துணியின்மேல் படலமாக உட்காரும். பலகைக்கு அருமை, வளையாத வகை மை என்றால் மடிப்பில் வெடிக்கும். தாத்தாவுக்கு நேர்ந்தது இதுதான்.

3. சோதனை

கடையில் கிடக்கும் கழிவுத் துண்டு ஒன்றைக் கேளுங்கள். அச்சு வெளிப்பக்கம் இருக்க நான்காக மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தி விரியுங்கள். வெள்ளைக் கோடு தெரிந்தால் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம். பிறகு ஈர விரலால் தேயுங்கள். நிறம் ஒட்டினால் வார்னிஷ் பூசவில்லை என்று பொருள்.

4. சட்டம்

மை நன்றாகக் காய்ந்த பிறகே வார்னிஷ். துணியை இழுத்து அடிக்கும்போது நான்கு பக்கமும் நடுவில் முதலில் ஸ்டேப்ளர் பின் அடித்து, அங்கிருந்து மூலைக்கு நகர வேண்டும். மூலையில் தொடங்கினால் சுருக்கம் விழும்.

மாட்டும்போது பின்னால் இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறினாலும், இடையில் காற்று புகும்.