சுவிட்ச் ஆன், நினைவூட்டல் வரவில்லை: ஆப்பில் செட்டிங்ஸுக்கான கோட் எழுதும் முறை

நான் எழுதிய ஓர் ஆப்பில் நினைவூட்டல் சுவிட்ச் ஆன் என்று காட்டியது, ஆனால் நினைவூட்டல் வரவே இல்லை. இரண்டு நாள் தேடிய பிறகுதான் காரணம் தெரிந்தது. செட்டிங்ஸ் பக்கத்தில் அந்த மதிப்பைப் படிக்கும்போது டிஃபால்ட்டாக (எதுவும் சேமிக்கப்படாதபோது எடுத்துக்கொள்ளும் மதிப்பாக) ட்ரூ கொடுத்திருந்தேன், அறிவிப்பு அனுப்பும் சர்வீஸில் ஃபால்ஸ். பயனர் சுவிட்சைத் தொடும்வரை ஃபோனில் எதுவுமே சேமிக்கப்படுவதில்லை. அதனால் ஒவ்வோர் இடமும் தன் டிஃபால்ட்டை எடுத்துக்கொண்டது.

இப்போது எந்த ஆப்பிலும் முதலில் செட்டிங்ஸுக்கென்று ஒரு கிளாஸ், அதாவது தனிக் கோட் தொகுதி, எழுதிவிடுகிறேன். கீயின் (மதிப்பைச் சேமிக்கும் அடையாளத்தின்) பெயர், மதிப்பின் டைப், டிஃபால்ட் எல்லாம் அதற்குள்தான். செட்டிங்ஸைச் சேமித்துவைக்கும் ஆண்ட்ராய்டின் ஷேர்டு பிரிஃபரன்சஸையோ ஐஓஎஸ்ஸின் யூசர் டிஃபால்ட்ஸையோ மற்ற கோப்புகள் நேரடியாகத் தொடக்கூடாது. ஐஓஎஸ்ஸில் இது இன்னும் முக்கியம்: கீ இல்லாதபோது பூலியன் (ட்ரூ அல்லது ஃபால்ஸ்) கேட்டால் ஃபால்ஸ் வரும், முழு எண் கேட்டால் 0 வரும், எச்சரிக்கை எதுவும் இருக்காது. ரிஜிஸ்டர் டிஃபால்ட்ஸ் மூலம் கொடுக்கும் மதிப்புகள் டிஸ்கில் எழுதப்படாது, ஆப் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதை அழைக்க வேண்டும்.

முதல் முறை ஆப் திறக்கும்போதே டிஃபால்ட் மதிப்புகளை எல்லாம் டிஸ்கில் எழுதிவைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். பயனர் தாமே தேர்ந்ததும், அவர் தொடவே தொடாததும் ஒன்றாகக் கலந்துவிடும். பிறகு டிஃபால்ட்டை மாற்ற நினைத்தால், யாருடைய விருப்பத்தை மதிக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இதன் அருமை தீம் விஷயத்தில் புரிந்தது. டார்க் மோடைப் பூலியனாகச் சேமித்திருந்தேன். 2019இல் ஆண்ட்ராய்டு 10 வந்தபோது 'சிஸ்டத்தைப் பின்பற்று' என்ற மூன்றாவது தேர்வு தேவைப்பட்டது. அதே கீயில் பூலியனுக்குப் பதிலாக ஸ்ட்ரிங்கை (எழுத்துகளாலான மதிப்பை) படிக்க ஆரம்பித்தேன். புதிதாக நிறுவிய என் ஃபோனில் நன்றாக ஓடியது. அப்டேட் செய்தவர்களுக்கோ, பழைய பூலியன் அங்கேயே இருந்ததால் கிளாஸ் காஸ்ட் எக்ஸப்ஷன் (டைப் பொருந்தாத பிழை) விழுந்து ஆப் திறக்கும்போதே மூடிக்கொண்டது.

டைப் மாறினால் கீயின் பெயரும் மாற வேண்டும். புதிய கீ இல்லாமல் பழைய கீ இருந்தால், ட்ரூவை டார்க் என்றும் ஃபால்ஸை லைட் என்றும் மாற்றி எழுதிவிட்டுப் பழையதை நீக்குங்கள். இரண்டுமே இல்லையென்றால் அவர் எதையும் தேர்ந்ததில்லை, சிஸ்டத்தில் எந்தத் தீம் உள்ளதோ அதையே காட்டலாம். இரண்டுக்கு மேல் தேர்வு வர வாய்ப்புள்ள எதையும் தொடக்கத்திலேயே ஸ்ட்ரிங்காக வைப்பது நல்லது.

ஷேர்டு பிரிஃபரன்சஸில் சேமிக்கும்போது அப்ளை என்ற அழைப்பு போதும். அது மெமரியில் உடனே மாற்றி, டிஸ்கில் பின்னணியில் எழுதும். கமிட் என்ற அழைப்போ எழுதி முடிக்கும்வரை அதை அழைத்த த்ரெட்டை நிறுத்திவைக்கும், திரையை இயக்கும் மெயின் த்ரெட்டில் அதை அழைக்காதீர்கள். அப்புறம், மாற்றத்தைக் கவனிக்கும் லிசனரை ஷேர்டு பிரிஃபரன்சஸ் வலுவாகப் பிடித்துவைக்காது. அதை உங்கள் கிளாஸின் ஒரு ஃபீல்டில் வைத்திருக்காவிட்டால், பயன்படாததை மெமரியிலிருந்து நீக்கும் கார்பேஜ் கலெக்டர் அள்ளிக்கொண்டு போய்விடும், திடீரென்று எந்தச் செய்தியும் வராது. ஆண்ட்ராய்டில் புதிதாகத் தொடங்குபவர்கள் ஷேர்டு பிரிஃபரன்சஸுக்குப் பதிலாக டேட்டாஸ்டோரைப் பயன்படுத்துங்கள். மாற்றங்கள் ஃப்ளோவாகவே, அதாவது நடக்க நடக்கத் தொடர்ந்து, வரும். ஒரு கோப்புக்கு டேட்டாஸ்டோரின் ஒரே ஓர் இன்ஸ்டன்ஸ்தான் இருக்க வேண்டும்.

லாகின் டோக்கன் விருப்ப அமைப்பு அல்ல, ஐஓஎஸ்ஸில் அதன் இடம் ரகசியங்களுக்கான பாதுகாப்புப் பெட்டகமான கீசெயின். இன்னொன்று: ஆண்ட்ராய்டு 6 முதல் ஆட்டோ பேக்கப்பில் ஷேர்டு பிரிஃபரன்சஸ் கோப்புகளும் சேரும். எழுத்தளவு புதிய ஃபோனுக்குப் போவது பயனருக்கு நல்லது. அறிவிப்பு எந்த ஃபோனுக்கு வர வேண்டும் என்று குறிக்கும் புஷ் டோக்கன் போனால் சிக்கல். அந்த ஃபோனுக்கு மட்டும் உரியவற்றைத் தனிக் கோப்பில் வைத்து, பேக்கப் விதிகளில் விலக்கிவிடுங்கள்.

வெளியிடும் முன் நான் பழைய பதிப்பை நிறுவி, பாதி செட்டிங்ஸை மட்டும் மாற்றிவிட்டு, அதன் மேல் புதியதை நிறுவிப் பார்க்கிறேன். மாற்றியவை அப்படியே இருக்கின்றனவா, தொடாதவை புதிய டிஃபால்ட்டைக் காட்டுகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே பில்டை அனுப்புவேன்.