எடிட்டரின் குறிப்புகளும் முதல் புத்தகக்காரர்களின் தவறுகளும்

முதல் நாவலை எழுதி முடித்தவர்களில் பலர், எடிட்டிங் என்றால் எழுத்துப்பிழை திருத்துவது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். “நண்பர் ஒருவர் தமிழாசிரியர், அவர் பார்த்துவிட்டார்” என்று பதிப்பகத்துக்குப் பிரதியை அனுப்புகிறார்கள். அந்த ஆசிரியர் பார்த்தது மெய்ப்பு. ஒற்று மிகுந்ததா, ‘ர’வுக்கு ‘ற’ விழுந்ததா, வரி ஏதும் விட்டுப்போனதா என்பதெல்லாம் அதில் வரும். அவசியமான வேலைதான், ஆனால் கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

எடிட்டர் கேட்கும் கேள்விகள் வேறு. இந்தக் கதை உண்மையில் எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது? முதல் இரண்டு அத்தியாயம் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்? 1985இல் நடக்கும் காட்சியில் செல்போன் எப்படி அடிக்கிறது? கோவைப் பேச்சு பேசும் பாட்டிக்குக் கோபம் வந்ததும் ஏன் சென்னைத் தமிழ் வருகிறது? “அவள் கண்களில் நீர் கோத்தது. அவள் மிகுந்த துயரத்தில் இருந்தாள்” என்று எழுதியிருந்தால், இரண்டாவது வாக்கியத்தை அடித்துவிட்டு ஓரத்தில் “முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது” என்று எழுதுவார். இந்தப் பார்வை கிடைப்பதற்கு முன்பே வரி வரியாகப் பிழை திருத்திக்கொண்டிருந்தால், நாளை நீக்கப்படப்போகும் அத்தியாயத்துக்கு இன்று உழைத்ததாகிவிடும்.

எடிட்டரின் பார்வை ஒரு பிரதியை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீயின் முதல் நாவலைச் சொல்லலாம். 1957இல் அவருடைய பிரதி அமெரிக்காவின் லிப்பின்காட் பதிப்பகத்துக்குப் போனது. வளர்ந்த பெண் ஒருத்தி நியூயார்க்கிலிருந்து சொந்த ஊருக்குத் திரும்பிவருகிற கதை அது. எடிட்டர் டே ஹோஹாஃப் அதில் திறமை இருப்பதைக் கண்டார். ஆனால் அது முழு நாவலாகத் திரளவில்லை, தனித்தனிச் சம்பவங்களாக நிற்கிறது என்பது அவர் கணிப்பு. உயிரோடு இருந்த பகுதி, நடுநடுவே வந்த சிறுவயது நினைவுகள். லீ பிரதியை ஒட்டுப்போடவில்லை. இரண்டு வருடங்களுக்கு மேல் திரும்பத் திரும்ப எழுதி, சிறுமியின் கண்வழியாகக் கதையை மறுபடி கட்டினார். ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ 1960இல் வந்தது, அடுத்த வருடம் புலிட்சர் பரிசு பெற்றது. பழைய பிரதியும் 2015இல் தனிப் புத்தகமாக வெளியானதால், இன்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க முடிகிறது. எழுத ஆரம்பிக்கும் ஒவ்வொருவரும் ஒரு முறை அப்படிப் படித்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நம் பக்கம் எடிட்டிங்கைப் பதிப்பு வேலையின் மையமாகக் கொண்டவர் க்ரியா ராமகிருஷ்ணன். 1974இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கி, 2020இல் மறையும்வரை பிரதியின் ஒவ்வொரு சொல்லையும் பொறுப்பாகப் பார்த்தவர். இருந்தாலும், முழுநேர எடிட்டர் வைத்திருக்கும் தமிழ்ப் பதிப்பகங்கள் இன்றும் குறைவுதான். ஆகவே ஒரு புது எழுத்தாளருக்கு விரிவான குறிப்பு கிடைப்பதே அபூர்வம். அப்படிக் கிடைத்ததை வீணடிப்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

வீணடிக்கும் வழிகளில் முதலாவது, குறிப்பு வந்த அன்றே பதில் எழுதுவது. “நான் அங்கே சொல்ல வந்தது என்னவென்றால்...” என்று தொடங்கும் நீண்ட விளக்கம். விளக்கம் சரியாகவே இருக்கலாம், ஆனால் அது புத்தகத்தில் இல்லையே! கடையில் அந்தப் புத்தகத்தை வாங்குபவர் பக்கத்தில் ஆசிரியர் உட்கார்ந்து விளக்கப்போவதில்லை. பத்து நாள் குறிப்பைத் தொடாமல் வைத்துவிட்டு, பிறகு பிரதியோடு சேர்த்துப் படியுங்கள். முதல் நாள் அநியாயமாகத் தெரிந்த குறிப்புகளில் பாதி, அப்போது நியாயமாகப் படும்.

அதைவிடப் பெரிய தவறு, குறிப்பு விழுந்த இடத்தை மட்டும் சரிசெய்வது. 120ஆம் பக்கத்தில் “இவன் ஏன் வீட்டைவிட்டுப் போகிறான்? நம்ப முடியவில்லை” என்று எடிட்டர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புது எழுத்தாளர் அங்கேயே இரண்டு பத்தி சேர்ப்பார்: அப்பா திட்டியது, பழைய காயங்கள், மனக்குமுறல். காட்சி இன்னும் கனத்துப்போகும், நம்பிக்கை மட்டும் வராது. அவன் போகப்போகிறான் என்பதற்கான விதை 30ஆம் பக்கத்திலேயே விழுந்திருக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைப்பதோ, தங்கையிடம் ஒரு வரி சொல்வதோ போதும். படிப்பவர் தடுக்கி விழுந்த இடத்தை எடிட்டர் காட்டுகிறார். கல் எங்கே கிடக்கிறது என்று எழுதியவர்தான் தேட வேண்டும், பெரும்பாலும் அது முந்தைய பக்கங்களில் கிடக்கும்.

அமெரிக்க எழுத்தாளர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலின் பிரதியைப் படித்துவிட்டு, எடிட்டர் மேக்ஸ்வெல் பெர்க்கின்ஸ் 1924 நவம்பரில் ஒரு கடிதம் எழுதினார். நாவலை மனதாரப் பாராட்டிவிட்டு, கேட்ஸ்பி மட்டும் மங்கலாகத் தெரிகிறான், அவனுக்குப் பணம் எப்படி வந்தது என்பதற்குக் குறிப்பாவது வேண்டும், அவன் கடந்தகாலத்தை ஒரே இடத்தில் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம் என்றார். கேட்ஸ்பி எப்படி இருப்பான், என்ன தொழில் செய்கிறான் என்பது தனக்கே தெரியாமல் இருந்தது, அதைத்தான் நீங்கள் உணர்ந்திருக்கிறீர்கள் என்று ஃபிட்ஸ்ஜெரால்ட் பதில் எழுதினார். அதற்குள் அச்சுக்கோத்த புரூஃபே கைக்கு வந்துவிட்டது. ரோமில் இருந்தபடி அந்தப் புரூஃப் தாள்களிலேயே அத்தியாயங்களை மாற்றி எழுதினார். பெர்க்கின்ஸ் ஒரு வாக்கியம்கூட எழுதித் தரவில்லை. நல்ல குறிப்பு வேலை செய்யும் விதம் இதுதான்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. வேர்டு கோப்பில் வந்த திருத்தங்கள் எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் ஏற்றுக்கொண்டு, “நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன்” என்று திருப்பி அனுப்புவது. பணிவு மாதிரி தெரியும், ஆனால் அது பொறுப்பைக் கைகழுவுவது. அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் 1981 தொகுப்பில் எடிட்டர் கார்டன் லிஷ் சில கதைகளைப் பாதிக்கு மேல் வெட்டினார். வெளியீட்டை நிறுத்தும்படி கார்வர் கெஞ்சிக் கடிதம் எழுதியும் புத்தகம் வந்துவிட்டது. கார்வர் எழுதிய மூல வடிவங்கள் முழுத் தொகுப்பாக 2009இல்தான், அவர் இறந்து இருபது வருடத்துக்கு மேல் கழித்து, வெளிவந்தன. வெட்டியதால் கதைகள் மேம்பட்டனவா என்று இன்றும் வாதாடுகிறார்கள். என் பார்வையில், எழுதியவர் சம்மதிக்காத வெட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் சரியல்ல. வட்டார வழக்கை ‘நல்ல தமிழ்’ ஆக்கும் திருத்தம், சாதிப் பெயரையோ ஊர்ப் பெயரையோ மழுப்பும் திருத்தம், உங்கள் வாக்கியத்தின் ஓட்டத்தையே மாற்றும் திருத்தம் இவற்றுக்கெல்லாம் காரணம் கேளுங்கள். மறுத்தால் உங்கள் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். நல்ல எடிட்டர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

அப்புறம், அவசரம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்றால் நவம்பரில் பிரதியைக் கொடுத்து, டிசம்பரில் அட்டைப்படத்தை முகநூலில் போட்டுவிடுகிறார்கள். அதற்குள் எடிட்டர் சொல்வதைக் கேட்டு ஓர் அத்தியாயத்தை மாற்றி எழுத நேரம் எங்கே இருக்கும்? ஒரு புத்தகக் காட்சி தவறினால் அடுத்த ஜனவரி வரும். அரைகுறையாக வந்த முதல் புத்தகமோ உங்கள் பெயரோடேயே சுற்றும்.

காசு கொடுத்து எடிட்டரை அமர்த்துபவர்கள், முழுத் தொகையைப் பேசுவதற்கு முன் ஐந்து பக்கத்தை மாதிரிக்குத் திருத்தித் தரச் சொல்லுங்கள். அமைப்பைப் பார்ப்பாரா, வாக்கியத்தைப் பார்ப்பாரா, மெய்ப்பு மட்டுமா என்பதைத் தெளிவாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். “நான் எடிட் செய்தால் புத்தகம் கட்டாயம் வெளிவரும்” என்று யாராவது சொன்னால் அவரிடம் பிரதியைக் கொடுக்காதீர்கள். அந்த உறுதியைத் தர எந்த எடிட்டராலும் முடியாது.

கடைசியாக, திரும்பி வந்த பிரதி. “தற்போது வெளியிட இயலவில்லை” என்ற ஒற்றை வரி வந்தால் வேறு பதிப்பகத்தைப் பாருங்கள். ஆனால் ஒரு பக்கத்துக்குக் காரணம் எழுதி, இன்ன அத்தியாயம் பிடித்தது, இன்னது நிற்கவில்லை என்று சொல்லியிருந்தால், அந்தப் பதிப்பகத்தில் யாரோ உங்கள் பிரதிக்காக நேரம் செலவழித்திருக்கிறார்கள். அதை வெறும் மறுப்பாக எடுத்துக்கொண்டு, அதே பிரதியை அன்றைக்கே இன்னொருவருக்கு அனுப்பிவிடுகிறார்கள் பலர். அவசரப்படாமல், “இவற்றைச் சரிசெய்து மறுபடி அனுப்பலாமா?” என்று கேட்டு ஒரு வரி எழுதுங்கள். சரி என்றால் மூன்று மாதமோ ஆறு மாதமோ எடுத்துக்கொண்டு திருத்துங்கள். மறுபடி அனுப்பும்போது எதை மாற்றினீர்கள், எதை மாற்றவில்லை, ஏன் என்று ஒரு பக்கத்தில் எழுதி இணையுங்கள். படிக்கிறவருக்கு வேலை எளிதாகும். நீங்கள் சேர்ந்து வேலை செய்யக்கூடியவர் என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.