பெல்ட்டும் வணக்கமும்: தற்காப்புக் கலை வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கராத்தே கிளாஸில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "பிளாக் பெல்ட் வாங்க எத்தனை வருஷம் ஆகும் மாஸ்டர்?" என்பதுதான். கேட்பதில் தப்பில்லை, பணம் கட்டப்போகிறவர் கணக்குப் பார்க்கத்தான் செய்வார். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு நினைப்பு உட்கார்ந்திருக்கிறது: பிளாக் பெல்ட் கைக்கு வந்தால் படிப்பு முடிந்தது, டிகிரி வாங்கின மாதிரி. இத்தனை வருடங்களில் நான் பார்த்த குளறுபடிகளும் நானே செய்த குளறுபடிகளும் பெரும்பாலும் இந்த நினைப்பிலிருந்து கிளம்பியவைதான்.

கறுப்பு பெல்ட்டின் முதல் நிலைக்கு ஜப்பானில் 'ஷோடான்' என்று பெயர். அதில் 'ஷோ' என்றால் தொடக்கம், 'டான்' என்றால் நிலை. எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிட்டது, இனி பாடத்தை ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம். ஜூடோவின் தலைமைப் பள்ளியான கோடோகானில் ஆறாம் டானை எட்டினால் சிவப்பும் வெள்ளையும் கலந்த பெல்ட், ஒன்பதாம் டானுக்கு முழுச் சிவப்பு. கறுப்பைக் கடைசி நிறம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவருக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்.

இந்த டான் ஏற்பாடு அவ்வளவு பழையதும் இல்லை. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882-ல் டோக்கியோவில் ஒரு புத்தக் கோயிலில் இடம் பிடித்துக் கோடோகானைத் தொடங்கினார். மறுவருடம் இரண்டு மாணவர்களுக்கு முதல் டான் கொடுத்தார். 'கோ' என்ற பலகை ஆட்டத்தில் ஆட்டக்காரர்களைத் தரம் பிரிக்கப் புழங்கிவந்த சொல்லை ஜூடோவுக்குக் கொண்டுவந்தார், அவ்வளவுதான். கறுப்பு பெல்ட் அதற்கும் சில வருடங்கள் கழித்துத்தான் வந்தது. கராத்தேயின் பிறந்த ஊரான ஒகினாவாவில் அப்போது டானும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. அங்கிருந்து டோக்கியோவுக்கு வந்த ஃபுனாகோஷி கிச்சின், கானோவின் முறையைப் பின்பற்றி 1924-ல் தன் மாணவர்களுக்கு முதன்முதலாக டான் கொடுத்தார். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்ற வரிசை பரவியதற்கு 1930களில் பாரிஸில் ஜூடோ சொல்லிக்கொடுத்த கவாய்ஷி மிகினோசுகே முக்கியமான காரணம். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய மாணவனுக்கு, அவ்வப்போது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது வேண்டியிருந்தது. ஆக, தமிழ்ப் பேசும் படத்துக்கும் பச்சை பெல்ட்டுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. "ஆயிரம் வருஷப் பாரம்பரியம்" என்று சொல்லி எல்லோ பெல்ட் கட்டிவிடும்போது இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

வெள்ளை பெல்ட் பயிற்சியில் அழுக்கேறி அழுக்கேறிக் கறுப்பானது, அதனால் பெல்ட்டைத் துவைக்கவே கூடாது என்று ஒரு கதை ஊர் ஊராகச் சுற்றுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கறுப்பு, கானோ தெரிந்தே தேர்ந்தெடுத்த நிறம். தயவுசெய்து துவையுங்கள். மேலே விழுந்து புரளும் ஜூடோ மாதிரியான கலைகளில் படர்தாமரை ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுலபமாகத் தொற்றும். அப்படித் தொற்றவைப்பதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது.

பெல்ட் எதுவரை செல்லும்?

ஓர் இடத்தில் வாங்கிய பெல்ட் எல்லா இடத்திலும் செல்லும் என்று நினைப்பது அடுத்த தவறு. கராத்தே என்ற பெயரில் பல பிரிவுகள், ஒவ்வொரு பிரிவிலும் பல சங்கங்கள். சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர்களை மதிக்கிற வட்டம் வரைக்கும்தான் அந்த பெல்ட்டுக்கு மதிப்பு. கராத்தேயில் பிளாக் பெல்ட் வாங்கின புதிதில் நான் ஒரு ஜூடோ கிளப்புக்குப் போனேன். பெல்ட்டையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் போய் நின்றேன். அங்கிருந்த மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. "விழப் பழகியிருக்கீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். எட்டு வயதுப் பிள்ளைகளோடு ஓரமாக உருண்டு விழும் பயிற்சிக்கு அனுப்பினார். அந்தப் பிள்ளைகள் என் இடுப்பையும் நான் விழுகிற லட்சணத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தது இன்னும் மறக்கவில்லை. வேறு கலை கற்கப் போனால் வெள்ளை பெல்ட்டோடு போகவேண்டும். அதே கலையில் வேறு சங்கம் என்றால், என்ன கட்டிக்கொள்ளட்டும் என்று முன்னாடியே கேட்டுவிட வேண்டும். பெரும்பாலும் "உங்க பெல்ட்டையே கட்டிக்கோங்க" என்பார்கள். ஆனாலும் அவர்களே வரச்சொன்னால் ஒழிய முன்வரிசைக்குப் போகக் கூடாது.

டான் என்பது திறமையின் அளவுகோல் மட்டுமல்ல என்பதற்கு ஃபுகுடா கெய்கோவின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கானோவுக்கு ஜூடோவின் தாய்க்கலையான ஜுஜுட்சு சொல்லிக்கொடுத்தவரின் பேத்தி அவர், கானோவிடமே ஜூடோ கற்றவர். 1953-ல் ஐந்தாம் டான் வாங்கினார். அதற்குமேல் பெண்களுக்குக் கிடையாது என்று நிறுத்திவைத்தார்கள். பலர் சேர்ந்து எழுதிப் போராடிய பிறகு 1972-ல் ஆறாம் டான் வந்தது. அந்தப் பத்தொன்பது வருடமும் அவருக்கு ஜூடோ தெரியாமலா இருந்தது? 2006-ல் கோடோகான் ஒன்பதாம் டான் கொடுத்தது. 2011-ல் அமெரிக்காவின் ஜூடோ சங்கம் ஒன்று பத்தாம் டான் கொடுத்தது, அப்போது அவருக்கு 98 வயது. ஒன்பதா பத்தா என்று கேட்டால் இரண்டும் சரிதான், கொடுத்தவர்கள் வேறு. ஒருவருடைய டானைப் பார்த்து அவருக்கு என்ன தெரியும் என்று எடைபோடுகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

இன்னொன்று. உலகக் கராத்தே கூட்டமைப்பு நடத்தும் போட்டிகளில் சண்டைக்கு இறங்குகிறவர்கள் ஒருவர் சிவப்பு பெல்ட், ஒருவர் நீல பெல்ட். டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே இடம்பெற்றபோதும் அப்படித்தான். யார் எத்தனையாவது டான் என்று பாயில் தெரியவே தெரியாது.

நான்தான் சார் பேசுகிறேன்

'சென்செய்' என்பதை நேரடியாகப் பிரித்தால் 'முன்னால் பிறந்தவர்'. ஜப்பானில் பள்ளி ஆசிரியரையும் டாக்டரையும்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். அது மற்றவர் நம்மைக் கூப்பிடும் சொல், நாமே நம் பெயரோடு ஒட்டிக்கொள்வதல்ல. இது தெரியாமல் ஒரு ஜப்பானிய ஆசிரியருக்கு எழுதிய மெயிலில் என் பெயருக்கு முன்னால் சென்செய் போட்டு அனுப்பினேன். பதிலில் அவர் மிகவும் பணிவாக, தன் பெயரை மட்டும் எழுதியிருந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர். நம்மூரில் "நான் கணக்கு சார் பேசுறேன்" என்று போனில் சொல்கிற ஆசிரியர்கள் உண்டு, அது வேறு. ஜப்பானிலும் சின்னப் பிள்ளைகளிடம் ஆசிரியர்கள் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்வதுண்டு. பெரியவர்களிடம் சொன்னால்தான் உறுத்தும்.

'ஷிஹான்' என்பது அதற்கும் மேலே. ஃப்ளெக்ஸ் பேனரில் ஷிஹான், கிராண்ட் மாஸ்டர், பத்தாம் டான் என்று வரிசையாகப் பார்த்தால், கொடுத்தது யார் என்று ஒரு கேள்வி கேட்கலாம். சங்கத்தைத் தானே ஆரம்பித்துத் தனக்குத் தானே பத்தாம் டான் போட்டுக்கொள்வதைச் சட்டம் தடுக்காது. கன்னியாகுமரிப் பக்கம் அடிமுறை சொல்லிக்கொடுப்பவர் ஆசான், சிலம்பத்தில் வாத்தியார். அவர்களுக்கு யாரும் சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கவில்லை, ஊர் கூப்பிட்டுக் கூப்பிட்டு நிலைத்த பெயர்கள் அவை. இப்போது சில சிலம்ப வகுப்புகளிலும் கலர் பெல்ட் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு உற்சாகம் வரும் என்கிறார்கள். வரட்டும். அதைச் சிலம்பத்தின் பழைய மரபு என்று மட்டும் சொல்லாமல் இருந்தால் சரி.

குனிவது கும்பிடுவது அல்ல

குனிந்து வணங்குவதில் நம்மவர்கள் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். இது வேறு மதத்துச் சாமி கும்பிடுவதோ என்று சிலர் தயங்குகிறார்கள். அப்படி இல்லை. ஜப்பானில் கடைக்காரரும் வாடிக்கையாளரும்கூட ஒருவருக்கொருவர் குனிந்துகொள்கிறார்கள். பயிற்சிக்கூடமான டோஜோவிலும் அது வணக்கம் சொல்வதுதான். அதற்கு மேலும் மனம் ஒப்பவில்லை என்றால், சேரும்போதே மாஸ்டரிடம் சொல்லிவிடலாம். இன்னொரு பக்கம், குனியும்போது கையைக் கூப்பிக்கொள்வது, கழுத்தை மட்டும் ஆட்டுவது, சினிமாவில் பார்த்த மாதிரி எதிராளியை முறைத்துக்கொண்டே குனிவது. கை தொடைப் பக்கம் இருக்கவேண்டும், இடுப்பிலிருந்து குனியவேண்டும், பார்வையும் உடம்போடு சேர்ந்து கீழே போகவேண்டும். பெல்ட் அவிழ்ந்தால் முன்பக்கத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று கட்டிக்கொள்வார்கள். முதுகைக் காட்டுவது அவமரியாதை என்று நினைத்து மாஸ்டரைப் பார்த்தபடியே உடையைச் சரிசெய்கிறவர்கள் இங்கே நிறைய. மரியாதை அங்கே நேர் தலைகீழ்.

ஆயுத பூஜையன்று கம்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து வாத்தியார் காலைத் தொட்டு வணங்குவது நம் வழக்கம். கேரளக் களரியில் வலது காலை முதலில் வைத்து உள்ளே இறங்கித் தரையைத் தொட்டு வணங்குவார்கள். அதையெல்லாம் கராத்தே கிளாஸில் செய்வது பாவம் இல்லை. மாஸ்டர் கட்டாயப்படுத்தினால்தான் யோசிக்கவேண்டும்.

வணக்கத்துக்கும் 'சரி' என்பதற்கும் வகுப்பில் சொல்லும் 'ஓஸ்' பற்றி ஒரு வார்த்தை. சில பிரிவுகளில், முக்கியமாகக் கியோகுஷினில், எல்லாவற்றுக்கும் ஓஸ்தான். ஒகினாவா வழிப் பள்ளிகள் பலவற்றில் அதை விரும்பமாட்டார்கள், ஜப்பானிய மொழியில் 'ஆமாம்' என்று பொருள்படும் 'ஹாய்' சொன்னால் போதும். ஜப்பானில் வெளியில் பார்க்கும் பெரியவரிடம் ஓஸ் சொன்னால் முரட்டுத்தனமாகக் கேட்கும்.

மரியாதை என்ற பெயரில்

மேலே சொன்னதெல்லாம் தவறினால் சிரிப்போடு போய்விடும். இது அப்படி இல்லை. மூத்தவர் சொன்னால் கேள்வி கேட்கக்கூடாது, அடித்தால் வாங்கிக்கொள்ளவேண்டும், அதுதான் பாரம்பரியம் என்று ஒரு பேச்சு எல்லாக் கலையிலும் இருக்கிறது. அந்தப் பேச்சு கடைசியில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஜப்பானிலேயே பார்த்துவிட்டார்கள்.

லண்டன் ஒலிம்பிக்குக்கு முன்னால், ஜப்பானின் பெண்கள் ஜூடோ அணிப் பயிற்சியில் வீராங்கனைகளை அறைந்தார்கள், மூங்கில் வாளால் அடித்தார்கள். 15 வீராங்கனைகள் சேர்ந்து ஜப்பான் ஒலிம்பிக் கமிட்டியிடம் புகார் கொடுத்தார்கள். 2013-ல் விஷயம் வெளியே வந்தது, தலைமைப் பயிற்சியாளர் பதவி விலகினார். நாட்டுக்காக விளையாடியவர்கள் அவர்கள். அவர்களுக்கே பதினைந்து பேர் சேரவேண்டியிருந்தது என்றால், தெருமுனை வகுப்பில் தனியாக நிற்கும் பத்து வயதுப் பிள்ளை எப்படி வாய் திறக்கும்?

சுமோவில் நடந்ததை இன்னும் மறக்கமுடியாது. 2017-ல் மூத்த வீரர் ஒருவர் புத்திமதி சொல்லிக்கொண்டிருந்தபோது இளைய வீரர் தகானோஇவா செல்போனைப் பார்த்தார் என்பதற்காக, சுமோவின் உச்ச நிலையான யோகோசுனாவில் இருந்த ஹருமாஃபுஜி அவரை அடித்துக் காயப்படுத்தினார். சுமோவில் மற்ற எல்லோருடைய தரவரிசையும் வருடத்துக்கு ஆறு போட்டிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். யோகோசுனா மட்டும் இறங்கமுடியாது, விலகத்தான் முடியும். ஹருமாஃபுஜி விலகினார். அடுத்த வருடம், 2018 டிசம்பரில், அடி வாங்கிய அதே தகானோஇவா தனக்குப் பணிவிடை செய்த இளைய வீரரை அடித்தார். அவரும் விலகவேண்டியதாயிற்று.

"நாங்களும் அடி வாங்கித்தான் கத்துக்கிட்டோம்" என்று பெருமையாகச் சொல்லும் மாஸ்டர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தகானோஇவாதான் ஞாபகத்துக்கு வருகிறார். ஸ்பாரிங்கில் படும் அடி வேறு. தாமதமாக வந்ததற்கும் சந்தேகம் கேட்டதற்கும் விழும் அடி வேறு. ஒத்துக்கொண்டு நிற்பதற்கும் பயந்து நிற்பதற்கும் இருக்கிற வித்தியாசம் பிள்ளைக்குத் தெரியும், சொல்லத்தான் தெரியாது. வீட்டில் கேளுங்கள்.

மாணவர்கள் பக்கமும் தவறு உண்டு. பச்சை பெல்ட் வந்தவுடன் பக்கத்தில் நிற்கும் வெள்ளை பெல்ட்டைத் திருத்த ஆரம்பிப்பது, மாஸ்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போது யூட்யூபில் வேறு மாதிரிப் பார்த்தேன் என்று குறுக்கே பேசுவது. சந்தேகம் கேட்கலாம், வகுப்பு முடிந்ததும் தனியாகக் கேட்டால் நல்ல பதிலும் கிடைக்கும். இன்னொரு வகுப்புக்கு மாறினால் சொல்லிவிட்டு மாறுங்கள். பல வருடம் படித்த இடத்தில் ஒரு நாள் திடீரென்று நின்றுவிட்டு, வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து மட்டும் விலகிப்போகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

கடைசியாக, பிள்ளைகளின் கறுப்பு பெல்ட். கொரியாவின் குக்கிவோன் நடத்தும் டேக்வாண்டோ தேர்வுகளில் 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு டான் தருவதில்லை, 'பூம்' என்ற தனி நிலைதான். பெல்ட்டும் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. ஏழு வயதுப் பிள்ளைக்கு முழுக் கறுப்பு கட்டி போட்டோ எடுத்துத் தரும் இடத்தில் சேர்ப்பதற்கு முன், மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை மொத்தம் எத்தனை பெல்ட் எக்ஸாம், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பணம்? சான்றிதழ் யார் பெயரில் வரும்? வகுப்பு நடக்கும்போது நான் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமா? முதல் இரண்டுக்கும் மழுப்பலாகப் பதில் வந்தாலும் பேசித் தெரிந்துகொள்ளலாம். மூன்றாவதற்கு "எங்க பாரம்பரியத்துல அனுமதி இல்லை" என்று பதில் வந்தால், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.